ஆவணி வெயிலில் ஒழுங்கை நடை

இரண்டாந் தவணை முடிந்து பள்ளிக்கூடம் பூட்டுகிற ஓகஸ்ட் மாதம்தான் புலம்பெயர்ந்த எங்களில் பலர் யாழ்ப்பாணத்து ஊருக்குப் போகிற மாதமும். இங்கே பிள்ளைகளுக்குக் கோடை விடுமுறை. அங்கே நல்லூர்த் திருவிழா. போகிறவர்கள் வாடகை வாகனத்தில் ஏறிக் கண்ணாடியை மூடிக்கொண்டு, வேலிகளுக்கு இடையே ஓடும் ஒடுங்கிய ஒழுங்கைகளைக் கடந்துவிடுகிறார்கள். ஒழுங்கை நடப்பதற்கு உண்டானது. ஆனால் நேரம் காலம் தெரிந்து நடக்க வேண்டும்.

முதலில் வெயில். யாழ்ப்பாணத்தில் சூரியன் ஆண்டுக்கு இருமுறை நேர் உச்சிக்கு வரும். சித்திரைப் புத்தாண்டை ஒட்டி ஒன்று, ஓகஸ்ட் கடைசி வாரத்தில் மற்றது. அந்த நாட்களில் மதியம் 12.10 அளவில் வேலிக்கு நட்ட கதியால் தடிக்கும் நிழல் இல்லை, ஆளுக்கும் இல்லை. கிழக்கு மேற்காக ஓடும் ஒழுங்கையில் வேலி எவ்வளவு உயரமானாலும் நிழல் பெயருக்குத்தான். வடக்குத் தெற்கு ஒழுங்கைதான் காப்பாற்றும்: காலையில் கிழக்கு வேலியோரம், பின்னேரம் மேற்கு வேலியோரம். காலை 6 மணிக்கு இறங்கினால் 8.30க்குள் திரும்பிவிட வேண்டும். பிறகு 4.30க்கு மேல்தான்.

அடுத்தது கால். தார் வீதியில் மணிக்கு 5 கிலோமீற்றர் நடக்கிறவர் மணல் ஒழுங்கையில் 3 நடந்தாலே பெரிது. வண்டித்தடத்தில் இறுகிய மண்ணில் காலை வைத்தால் களைப்புக் குறையும். வலைத்துணிச் சப்பாத்துக்குள் மணல் புகுந்து கொப்பளம் போடும், செருப்பே நல்லது. மெல்லிய றப்பர் செருப்பானால் காய்ந்த நெருஞ்சியும் உடைமுள்ளும் அதைத் துளைத்துக்கொண்டு ஏறும். ஒழுங்கைகள் பலவற்றுக்கு இப்போது கொங்கிறீற் போட்டுவிட்டார்கள். சேறு இல்லை, உண்மைதான். பகல் முழுக்கக் குடித்த சூட்டை அது பின்னேரம் காலுக்குக் கீழே கக்கும்.

வேலிகளைப் பார்த்து நடவுங்கள். கிளுவை, பூவரசு, முள்முருக்குக் கதியால்கள். அவற்றில் கட்டிய கிடுகு என்கிற பின்னிய தென்னோலை அல்லது பனையோலை. கோடை முடிவில் அடைப்பின் அடிப்பக்கம் கறையான் தின்று சல்லடையாயிருக்கும். பழைய வீடுகளில் அருமையாகச் சங்கடப்படலை எஞ்சியிருக்கிறது. வழிப்போக்கருக்கென்றே படலைக்குக் கூரை போட்டுத் திண்ணையும் தண்ணீர்ப் பானையும் வைத்தவர்கள் எங்கள் முன்னோர். இப்போது மதிலும் இரும்புக் கதவும். அதில் யாரைக் குறை சொல்வது? எங்கள் காசில் எழுந்த மதில்கள்தான் பாதி.

ஆள் இல்லாத வீட்டு வளவுக்குள் குறுக்கு வழி தேடாதீர்கள். பற்றை மூடிய பாழ்கிணறுகளுக்குக் கட்டு இருக்காது. கிணற்றுத் தண்ணீரும் இந்த மாதத்தில் அடிமட்டத்துக்குப் போய் உவர்க்கும். ஆளுக்கு ஒரு லீற்றர் கையோடு கொண்டுபோவது புத்தி.

சோளகக் காற்று இன்னும் ஓய்ந்திராது. தென்மேற்கிலிருந்து வரும் காற்று இது. வல்லை வெளி என்கிற திறந்த நிலத்தில் வடகிழக்கே நெல்லியடிப் பக்கம் போகும்போது முதுகில் தள்ளும். திரும்பும்போது முகத்தில் மண்ணை அள்ளிப் போடும். பனங்கூடலுக்குள் காவோலை என்கிற காய்ந்த ஓலையும் பழமும் விழுவது இந்தக் காற்றில்தான். ஒரு பழம் ஒரு கிலோவுக்கு மேல் நிறுக்கும். பெண்பனைக்குக் கீழே நின்று படம் எடுக்கிறவர்கள் ஒருமுறை அண்ணாந்து பார்க்கலாம்.

பனம்பழம் பொறுக்குவதென்றால் விடியமுன் போக வேண்டும். வெளிச்சம் வந்தபின் மாடுகள் முந்திவிடும். ஒழுங்கையில் விழுந்தது எடுத்தவனுக்கு, வளவுக்குள் விழுந்தது வளவுக்காரருக்கு என்பது மாணவர் காலத்தில் நாங்கள் வைத்திருந்த சட்டம். வேலியில் சிக்கியதற்குத்தான் வழக்கு நடக்கும். தானாய் விழுந்த, மணம் எழும்புகிற பழத்தை எடுங்கள். வெட்டி இறக்கிய காயில் களி, அதாவது பழச்சதை, இறங்காது. விழுந்து வெடித்த இடம் வெயிலில் கிடந்தால் புளித்துப் புழு வைக்கும். சில மரத்துப் பழம் இயல்பிலேயே காறும். அதற்கு மருந்தில்லை, மரத்தை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

நெருப்பில் திருப்பித் திருப்பிச் சுட்டுத் தோலை உரித்துக் கொட்டைகளைப் பிரித்துப் பிசைந்தால் களி வரும். தும்பு இல்லாமல் துணியில் வடிக்க வேண்டும். பாயில் பூசிக் காயவைத்து, காய்ந்ததன்மேல் மறுபடி பூசிப் பூசி எடுப்பது பனாட்டு. இடையில் ஒரு மழை பெய்தால் பூஞ்சணம் பிடித்துவிடும். கொட்டைகளைப் பாத்தியில் அடுக்கி மண் போட்டால் மாரி மழையில் முளைத்துத் தை மாசியில் கிழங்காகும். அப்போது எங்களில் யாரும் ஊரில் இருப்பதில்லை.

விடுமுறைக்குள் முடிகிற காரியம் பணியாரம். ஒரு கப் களியை அரைக் கப் சீனியும் ஒரு சிட்டிகை உப்பும் போட்டுப் பச்சை வாடை போகும்வரை காய்ச்சி ஆறவிடுங்கள். காய்ச்சாமல் விட்டால் காறும். பிறகு வறுத்த மாவைச் சிறிது சிறிதாகச் சேருங்கள். ஒரு கப் வரை பிடிக்கும். கூடினால் கல்லாகும், குறைந்தால் எண்ணெய் குடிக்கும். சிறு உருண்டைகளாக விரலால் தள்ளி நடுத்தரச் சூட்டில் பொரியுங்கள். எண்ணெய் கொதித்தால் வெளியே கறுத்து உள்ளே களியாகவே இருக்கும். மறுநாள்தான் அதன் உண்மையான சுவை. பயணப்பெட்டியில் வைக்கிறவர்கள் கடதாசியில் பரப்பி ஓர் இரவு ஆறவிட்டு அடையுங்கள். சூட்டோடு அடைத்தால் வியர்த்து, வீடு வந்து திறக்கும்போது பூஞ்சணம்தான் மிஞ்சும்.