21 வாரம் என்று எழுதி வாங்குங்கள்

முதல் பிள்ளையை மதுரையில் 21ஆவது வாரத்தில் இழந்தேன். வலி பெரிதாக எதுவும் தெரியாமலே கர்ப்பப்பை வாய் திறந்துவிட்டது. மறுபடி உண்டானபோது லண்டனில் இருந்தோம். இப்படி இழந்தவர்களுக்கென்றே இங்கே குறைப்பிரசவத் தடுப்பு கிளினிக் உண்டு. 16 வாரத்துக்கு மேல் குழந்தை தங்காமல் போனவர்களையும், 34 வாரத்துக்கு முன்பே பெற்றவர்களையும் 12 வாரத்துக்குள் அங்கே அனுப்பிவிட வேண்டும்.

என் ரெஃபரல் திரும்பி வந்தது. மதுரை டிஸ்சார்ஜ் சம்மரியில் ‘அபார்ஷன்’ என்று ஒரே சொல். எத்தனை வாரம் என்று எங்குமே இல்லை. ஆரம்பத்திலேயே கலைந்த கரு என்று எடுத்துக்கொண்டார்கள். போனில் எவ்வளவோ சொன்னேன். பேப்பர் வேண்டும் என்றார்கள். நான் கையில் ஏந்திப் பார்த்த பிள்ளைக்கு அத்தாட்சி கேட்டது இன்றைக்கும் வலிக்கிறது.

அம்மாவுக்குப் போன் செய்தேன். “பீரோவுல இருக்கும்மா, ஒண்ணையும் தூக்கிப் போடல” என்றார். புடவைகளுக்கு அடியில் மஞ்சப்பை, அதற்குள் 20ஆவது வார ஸ்கேன் ரிப்போர்ட். அந்தத் தேதியையும் டிஸ்சார்ஜ் தேதியையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் கணக்கு தெரிந்துவிடும். வாட்ஸ்அப்பில் வந்ததுமே மிட்வைஃபுக்கு அனுப்பினேன். ஆனாலும் அதற்குள் எனக்கு 15 வாரம் ஆகிவிட்டது. ஊரில் இழப்பைச் சந்தித்தவர்கள் தயவுசெய்து சம்மரியில் வாரத்தை எழுதி வாங்குங்கள்.

கிளினிக்கில் இன்னொரு குழப்பம். நிறையத் தண்ணீர் குடித்துவிட்டு வரச் சொல்லிக் கடிதம் வந்திருந்தது. அது வயிற்றின் மேல் எடுக்கும் ஸ்கேனுக்கு. உள்ளே வைத்து எடுக்கும் ஸ்கேனுக்குச் சிறுநீர்ப்பை காலியாக இருக்க வேண்டும். நிறைந்திருந்தால் கர்ப்பப்பை வாய் உள்ளதைவிட நீளமாகத் தெரியும். பாத்ரூம் போய்விட்டு வந்து படுத்தேன். கர்ப்பப்பை வாயின் நீளம் 33 மில்லிமீட்டர்.

அடுத்த ஸ்கேனை நான்கு வாரம் கழித்துப் போடப் போனார்கள். இரண்டு வாரத்தில்தான் வேண்டும் என்று கவுன்ட்டரை விட்டு நகரவில்லை. கொடுத்தார்கள். 18ஆவது வாரத்தில் 21 மில்லிமீட்டர்! 25-க்குக் கீழே போனாலே தையல் போடலாமா என்று பார்ப்பார்கள். திரையில் மேல்பக்கம் புனல் மாதிரி விரிந்திருந்ததை நானே பார்த்தேன். மறுநாளே முதுகில் மரத்துப்போக ஊசி போட்டு, கர்ப்பப்பை வாயில் தையல் போட்டார்கள்.

37ஆவது வாரத்தில் தையலைப் பிரித்தார்கள். ஒன்பது நாள் கழித்து மகள் பிறந்தாள், 2 கிலோ 900.