வெந்நீர் ஊற்று வைரஸும் என் 8 ஜிபி லேப்டாப்பும்

எம்.எஸ்சி. கடைசி செமஸ்டரில் நான் எடுத்த புராஜெக்ட், கொதிக்கிற ஊற்றுகளில் இருக்கும் வைரஸ்களின் மரபணு வகைகளையும் அவற்றிலிருந்து கிடைக்கக்கூடிய என்சைம்களையும் பற்றியது. தலைப்பைச் சொன்னதும் எல்லோரும் "எந்த ஊற்றுக்குப் போனே?" என்றுதான் கேட்டார்கள். எங்கேயும் போகவில்லை, ஹாஸ்டல் அறையைத் தாண்டவில்லை. என்சிபிஐ என்ற அமெரிக்க அரசு மையத்தின் எஸ்ஆர்ஏ பொதுச் சேமிப்பில் யாரோ போட்டு வைத்திருந்த சீக்வென்சிங் டேட்டாவை, அதாவது டிஎன்ஏ எழுத்து வரிசைகளை, இறக்கித்தான் முழு வேலையும். கையில் காசும் லேபும் இல்லாதவர்களுக்கு ஏற்ற தலைப்பு இது. ஆனால் சறுக்கும் இடங்கள் நிறைய உண்டு. நான் சறுக்கியவற்றை மட்டும் சொல்கிறேன்.

முதல் மாதம் ரிவ்யூ கட்டுரைகளை அடுக்கி வைத்துப் படித்தேன். ஒன்றும் மண்டையில் நிற்கவில்லை. அப்புறம் வேறு வழியில் போனேன்: ஒரு என்சைமை எடுத்துக்கொண்டு, அது எந்தத் தண்ணீரிலிருந்து வந்தது என்று பின்னோக்கிப் போவது. சூட்டிலும் டிஎன்ஏவை நகலெடுக்கும் டாக் பாலிமரேஸ் என்ற என்சைமின் கதை பலருக்குத் தெரியும். யெல்லோஸ்டோன் ஊற்றில் கிடைத்த பாக்டீரியாவை தாமஸ் பிராக்கும் ஹட்சன் ஃப்ரீஸும் 1969இல் விவரித்தார்கள், பின்னாளில் டிஎன்ஏவைப் பல மடங்கு பெருக்கும் பிசிஆர் முறை அதன் தோளில் ஏறிக்கொண்டது. நமக்கு வேண்டியது அதற்கு அடுத்த அத்தியாயம். அதே பூங்காவின் ஆக்டோபஸ் ஊற்றிலிருந்து எடுத்த வைரஸ் டிஎன்ஏவில் ஒரு பாலிமரேஸ் மரபணு கிடைத்தது. 3173 என்று எண்ணால் அழைக்கப்படும் அந்த என்சைம் பற்றிய கட்டுரை 2012இல் வந்தது. டாக் பாலிமரேஸுக்கு ஆர்என்ஏவைப் படிப்பதில் அவ்வளவாகத் திறமை கிடையாது, அதற்குத் தனியாக, ஆர்என்ஏவை டிஎன்ஏவாக்கும் ரிவர்ஸ் டிரான்ஸ்கிரிப்டேஸ் என்ற என்சைம் சேர்க்கவேண்டும். இந்த வைரஸ் என்சைமோ ஆர்என்ஏவை டிஎன்ஏவாக மாற்றுவது, அதைப் பெருக்குவது என்று இரண்டு வேலையையும் சூடு தாங்கிச் செய்கிறது. அதைச் சுமக்கும் வைரஸை யாரும் லேபில் வளர்த்துக் கண்டுபிடிக்கவில்லை, தண்ணீரில் இருந்த மரபணுவை நேராகப் பிடித்தார்கள் என்பதுதான் விஷயம். வைவாவில், அதாவது வாய்மொழித் தேர்வில், "இதனால் என்ன பயன்?" என்று கேட்டால் இந்த ஒரு கதை போதும். இன்னொன்று வேண்டுமானால் ஐஸ்லாந்து ஆராய்ச்சியாளர்கள் 2005இல் விவரித்த, டிஎஸ்2126 என்ற பேஜின், அதாவது பாக்டீரியாவைத் தாக்கும் வைரஸின், ஆர்என்ஏ லைகேஸ் என்சைமைச் சொல்லுங்கள். ஒற்றை இழை டிஎன்ஏவின் இரு முனைகளையும் ஒட்டி வளையமாக்கும் வேலைக்கு அது பல லேப்களில் பயன்படுகிறது.

சரி, டேட்டாவுக்கு வருவோம். துண்டு துண்டான டிஎன்ஏ வரிசைகளை ஒட்டி நீளமாக்கும் மெட்டாஸ்பேட்ஸ் மென்பொருளை என் லேப்டாப்பில் ஓட்டினேன். 8 ஜிபி மெமரி, இரண்டு மணி நேரத்தில் மூச்சு நின்றது. அதே வேலையைச் செய்யும் மெகாஹிட்டுக்கு மெமரி குறைவாகவே போதும், அதை இலவச கேலக்ஸி சர்வரில் ஓட்டுங்கள். வரிசையில் நிற்கவேண்டியிருக்கும், ராத்திரி போட்டுவிட்டுத் தூங்கிவிடலாம்.

அப்படி ஒட்டிக் கிடைக்கும் நீளத் துண்டுக்கு கான்டிக் என்று பெயர். வைரஸ் என்று பிரித்தெடுத்த கான்டிக்குகளில் 38,000 எழுத்து நீளத்தில் ஒன்று இருந்தது. என் பட்டியலிலேயே பெரியது, அதனால் ரிப்போர்ட்டின் முதல் படமே அதுதான். கைடு அச்சுப் பிரதியைப் புரட்டிக்கொண்டே வந்தவர், மரபணு அட்டவணையின் 22வது வரிசையில் பேனாவை வைத்தார்.

"இது என்னம்மா?"

"16எஸ் ரைபோசோம் மரபணு, மேடம்."

"வைரஸுக்கு அது எதுக்கு?"

எனக்கு வாய் வரவில்லை. பாக்டீரியாவுக்கும், ஆர்க்கியா என்ற இன்னொரு வகை ஒற்றைச்செல் உயிர்களுக்கும், 16எஸ் மரபணு ஒரு பொது அடையாள அட்டை மாதிரி. வைரஸுக்கு அப்படி ரேஷன் கார்டும் இல்லை, ஆதாரும் இல்லை. எல்லா வைரஸுக்கும் பொதுவான மரபணு ஒன்றுகூடக் கிடையாது. அது என் கான்டிக்கில் இருக்கிறது என்றால் அந்தத் துண்டு பாக்டீரியாவுடையது, மிஞ்சினால் நடுவில் எங்கோ ஒரு புரோஃபேஜ், அதாவது பாக்டீரியாவின் டிஎன்ஏவுக்குள் புகுந்து தங்கிய வைரஸ், ஒட்டிக்கொண்டிருக்கலாம். செக்வி என்ற கருவி ஓம்புயிரின், அதாவது வைரஸ் தொற்றும் உயிரின், பகுதியை வெட்டிக் காட்டிவிடும். நான் அதை ஓட்டியிருந்தேன்தான், முடிவு வந்த ஃபைலைத்தான் திறந்து பார்க்கவில்லை. அந்த முதல் படத்தைத் தூக்கிவிட்டு, சோதித்துப் பார்த்த பிறகு மிஞ்சிய 41 கான்டிக்குகளோடு மறுபடி எழுதினேன்.

அடுத்த பள்ளம், தெரிந்த வரிசைகளோடு நம் வரிசையை ஒப்பிட்டுப் பார்க்கும் பிளாஸ்ட். ஒரு புரதத்துக்கு 'டிஎன்ஏ பாலிமரேஸ்' என்று பெயர் வந்ததும் துள்ளிக் குதிக்காதீர்கள். எனக்கு வந்தது 31 சதவீத ஒற்றுமை, அதுவும் 60 அமினோ அமில நீளத்துக்கு மட்டும். எத்தனை சதவீதம் என்பதோடு எவ்வளவு நீளத்துக்கு என்பதையும் பாருங்கள். தூரத்து ஒற்றுமையையும் பிடிக்கும் ஹெச்ஹெச்பிரெட் கருவியில் போடுங்கள். வினை நடக்கும் இடத்தில் இருக்கவேண்டிய ஆஸ்பார்டேட் அமினோ அமிலங்கள் இருக்கின்றனவா என்று வரிசையைக் கண்ணால் தேடுங்கள். புரத வடிவத்தைக் கணிக்கும் ஆல்ஃபாஃபோல்டில் வடிவம் பாலிமரேஸ் மாதிரியே வரலாம், ஆனால் 80 டிகிரியில் அது வேலை செய்யுமா என்பதை வடிவம் சொல்லாது. பெரும்பாலான மரபணுக்களுக்கு எந்தப் பெயரும் கிடைக்காது. அதைக் குறையாக நினைத்து மறைக்கவேண்டாம், அந்த எண்ணிக்கையை முதல் ஸ்லைடிலேயே போடுங்கள்.

வைவாவில் எக்ஸ்டர்னல்கள் விரும்பிக் கேட்பது, "உங்கள் முறை எதைத் தவறவிடும்?" தண்ணீரை 0.2 மைக்ரான் வடிகட்டியில் விட்டால் மிமிவைரஸ் போன்ற ராட்சதர்கள் மேலேயே தங்கிவிடுவார்கள், சின்ன பாக்டீரியாக்கள் கீழே நழுவிவிடும். டிஎன்ஏ குறைவாக இருக்கிறது என்று ஃபை29 பாலிமரேஸ் வைத்துப் பெருக்கியிருந்தால், ஒற்றை இழை வளைய டிஎன்ஏக்கள் கணக்கில் வீங்கித் தெரியும். டிஎன்ஏ மட்டும் எடுத்திருந்தால் ஆர்என்ஏ வைரஸ் எதுவும் சிக்காது. இந்த மூன்றையும் சொன்னாலே பாதி வைவா முடிந்தது.

சூட்டை வைரஸ் எப்படித் தாங்குகிறது என்று கேட்டால் எஸ்ஐஆர்வி2 என்ற வைரஸ் கைகொடுக்கும். 80 டிகிரி வெப்பத்திலும் அமிலத்திலும் வாழும் சல்ஃபோலோபஸ் என்ற ஆர்க்கியாவைத் தாக்கும் இந்த வைரஸ், தன் டிஎன்ஏவை வழக்கமான பி வடிவத்தில் வைக்காமல் ஏ வடிவத்தில் புரதத்தால் சுற்றி வைத்திருப்பதை 2015இல் காட்டினார்கள். இத்தாலியின் பொசுவோலியில் கிடைத்த ஏடிவி என்ற வைரஸ் இன்னும் விசித்திரம், ஓம்புயிரை விட்டு வெளியே வந்த பிறகுதான் அதற்கு இரண்டு வால்கள் முளைக்கின்றன. பிஎச்டி நேர்காணலில் இதைச் சொன்னதும் குழுவில் ஒருவர் சிரித்தார். எனக்கும் அப்போதுதான் கை நடுக்கம் நின்றது.

அதே நேர்காணலில் எதிர்பாராத கேள்வி ஒன்றும் வந்தது: ஊற்று யாருடையது? பிசிஆர் உரிமை 30 கோடி டாலருக்குக் கைமாறியபோது யெல்லோஸ்டோன் பூங்காவுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. நம் மணிகரணிலோ லடாக்கின் புகாவிலோ மாதிரி எடுத்து என்சைமுக்குக் காப்புரிமை கேட்டால், 2002ஆம் வருடத்து உயிரியல் பன்மயச் சட்டம் குறுக்கே வரும். அதற்கான தேசிய ஆணையம் சென்னை தரமணியில்தான் இருக்கிறது. எனக்கு அன்று அது தெரியாது.

வைவாவில் கடைசியாகக் கேட்டது மிகச் சாதாரணமான கேள்வி. "மூணாவது சாம்பிள்ல தண்ணி எத்தனை டிகிரி?" எஸ்ஆர்ஏ பக்கத்தில் அந்தக் கட்டம் காலியாக இருந்தது. மூலக் கட்டுரையின் பின்னிணைப்பில் போய்த் தேட எனக்குத் தோன்றவே இல்லை. டேட்டா இறக்கும் முதல் நாளே வெப்பநிலை, பிஎச், வடிகட்டி அளவு மூன்றையும் ஒரு எக்செல் தாளில் ஏற்றிவிடுங்கள். நான் ஏற்றியது வைவாவுக்கு மறுநாள், ரிப்போர்ட்டை பைண்டிங்குக்குக் கொடுக்கும் முன்பு.