அம்மம்மாவின் செபப்புத்தகத்தோடு திருகோணமலை ஆலயங்களுக்கு

அம்மம்மா கண்மூடிய பிறகு அவருடைய செபப்புத்தகம் பிள்ளைகளில் ஒருவர் கைக்கு வரும். பெரும்பாலான வீடுகளில் அதைத் துணியில் சுற்றி அலுமாரிக்குள் வைத்துவிடுகிறார்கள். அப்படிச் செய்யாதீர்கள். நாளும் கோயிலுக்குப் போய்வந்த புத்தகம் அது. அவர் முழந்தாளிட்ட இடங்களுக்கு அதை ஒருமுறை கொண்டுபோங்கள்.

புறப்படுமுன் பக்கம் பக்கமாகப் பாருங்கள். முன்தாளில் ஞானஸ்நானம், முதல் நன்மை (முதன்முறை நற்கருணை வாங்கியது), கலியாணம் நடந்த தேதிகள் இருக்கலாம். நடுவே மரண நினைவு அட்டைகளும் காய்ந்த குருத்தோலைச் சிலுவையும் கிடக்கும். ஓலை கிடந்த பக்கத்தில் அதே வடிவில் மண்ணிறக் கறை படிந்திருக்கும். அதைத் துடைக்கப் போனால் தாள்தான் கிழியும். ஓலையை எடுத்துத் தனிக் கடித உறையில் வையுங்கள். பழைய குருத்தோலைகளை விபூதிப் புதனுக்கு முன் ஆலயத்தில் கொடுப்பது வழமை. நெற்றியில் பூசும் சாம்பல் அவற்றை எரித்து எடுப்பதுதான். ஆனாலும் அவர் கையால் முடைந்த ஒன்றையாவது வீட்டில் வைத்திருங்கள். எழுத்துள்ள பக்கங்களை யன்னலோர வெளிச்சத்தில் கைத்தொலைபேசியால் படமெடுத்துவிட்டு, புத்தகத்தைத் துவைத்த பருத்தித் துணியில் சுற்றிக் கொண்டுபோங்கள்.

முதலில் புனித மரியன்னை பேராலயம். ஞாயிறை விட வாரநாள் காலைத் திருப்பலி நல்லது, பிறகு அமைதியாக இருந்து வாசிக்கலாம். புத்தகத்திலுள்ள 'பூசை நேரச் செபங்களை' வைத்து இன்றைய திருப்பலியைப் பின்தொடரப் பார்த்தால் குழப்பம்தான் வரும். 1960களில் இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் பின்னர்தான் திருப்பலி தமிழுக்கு வந்தது. அதற்கு முன் குருவானவர் இலத்தீனில் பூசை வைக்க, சனம் தங்கள் பாட்டில் மெதுவாகச் சொன்ன செபங்கள் அவை. திருப்பலியில் இன்றைய பதில்களையே சொல்லுங்கள். நன்மை வாங்கி வந்து இருந்தபின் புத்தகத்தைத் திறந்து, நன்றிச் செபத்தை அவருடைய சொற்களிலேயே சொல்லுங்கள். 'அருள் நிறைந்த மரியே' அதில் 'பிரியதத்தத்தினாலே பூரண மரியே' என்றிருக்கும். தூய ஆவியார் 'இஸ்பிரீத்து சாந்து' என்றிருப்பார். போர்த்துக்கேயர் காலத்துச் சொல் அது. இவற்றைப் பிழையென்று நினைத்துத் திருத்த வேண்டாம். இரண்டுமுறை வாய்விட்டுச் சொன்னால் நாக்கு பழகிவிடும், அம்மம்மாவின் குரலும் காதில் விழும்.

அடுத்தது பாலையூற்று லூர்து அன்னை. இங்கே செபமாலை சொல்வதுதான் பொருத்தம். செபமாலையில் தியானிக்கும் இயேசு, மரியாள் வாழ்வு நிகழ்வுகளைத் தேவ இரகசியங்கள் என்பார்கள். பழைய புத்தகத்தில் சந்தோஷம், துக்கம், மகிமை என்று அவை பதினைந்துதான். ஒவ்வொன்றுக்கும் பத்தாக 150, தொடக்கத்தில் 3, ஆக 153 மணி. இரகசியங்களை இன்று மறைபொருள்கள் என்கிறோம்; அவற்றில் ஒளியின் மறைபொருள்கள் 2002இல் சேர்ந்தவை. அதனால் வியாழக்கிழமை புத்தகம் சந்தோஷ இரகசியங்களைக் காட்டும், பக்கத்தில் இருப்பவர்கள் ஒளியின் மறைபொருள்களைச் சொல்வார்கள். கூட்டத்தோடு சொல்லும்போது கூட்டத்தின் முறை, தனியே சொல்லும்போது அம்மம்மாவின் முறை. திருநாட்காட்டியும் இப்படித்தான்: தோமையார் திருநாள் அதில் டிசம்பர் 21, இன்று யூலை 3.

முன்தாளிலுள்ள தேதியைப் பங்குப் பதிவேட்டோடு ஒப்பிட விரும்பினால் முன்கூட்டியே அலுவலகத்தில் கேளுங்கள். தாய் தகப்பன் பெயர், ஞானப்பெற்றோர் பெயர், கிட்டத்தட்ட எந்த ஆண்டு என்பன தேவை. தேடல் தவறுவது பெரும்பாலும் பெயரால். பழைய பதிவு இலத்தீனில் இருந்தால் இராயப்பு அங்கே பேத்ருஸ், சின்னப்பு பவுலுஸ், அருளப்பு யோவான்னெஸ், சூசைப்பிள்ளை யோசேபுஸ். பெயர் கிடைத்தால் ஓரக்குறிப்பையும் பார்க்கச் சொல்லுங்கள். உறுதிபூசுதலும் கலியாணமும் ஞானஸ்நானப் பதிவின் ஓரத்தில் குறிக்கப்படும். திருகோணமலை மறைமாவட்டம் 1893இல் உருவானது, அதற்கு முன் யாழ்ப்பாணத்தின் கீழ். 2012இல் மட்டக்களப்பு தனி மறைமாவட்டமாயிற்று. மட்டக்களப்புப் பக்கத்து ஞானஸ்நானமென்றால் அங்கேதான் விசாரிக்க வேண்டும்.

நவம்பர் 2 உத்தரிக்கிற ஆத்துமாக்கள் திருநாள். சேமக்காலையில் அவருடைய புத்தகத்திலிருந்தே மரித்தோருக்கான செபத்தை வாசிக்கலாம். ஆனால் அது மாரி தொடங்கும் காலம். போகும்வழிக்கு மட்டும் பொலித்தீன் பையில் போட்டு, வீடு வந்ததும் எடுத்துவிடுங்கள். உள்ளேயே விட்டால் ஈரம் அடைபட்டுப் பூஞ்சணம் பிடிக்கும். கச்சான் வீசும் மாதங்களில் எதிர்மாறு: தாளும் முதுகுப் பசையும் காய்ந்து முறுகியிருக்கும். மல்லாத்தி விரிக்காமல், இருபக்கமும் சிறு தலையணை கொடுத்துப் பாதியளவே திறவுங்கள்.

கிழிந்த தாளுக்கு செலோரேப் ஒட்டாதீர்கள். சில வருடத்தில் பசை மஞ்சளாகி எழுத்தையும் தின்றுவிடும். கடல்நீர் பட்ட புத்தகமென்றால் தாளில் தங்கிய உப்பு காற்றின் ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். அதை மாதமொருமுறை நிழலில் காற்றாட வையுங்கள், வெயிலில் அல்ல. அலுமாரியில் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வையுங்கள். கறையான் சுவர்வழியாகத்தான் ஏறும்.

வீடு திரும்பிய அன்றே முன்தாளில் அவருடைய கடைசி வரிக்குக் கீழே போய்வந்த ஆலயத்தையும் தேதியையும் உங்கள் பெயரையும் எழுதுங்கள். பென்சிலால் எழுதுங்கள். பேனை மை இந்தக் கடற்கரை ஈரத்தில் ஊறி மறுபக்கம் தெரியும், அங்கே அவருடைய எழுத்து இருக்கிறது.