மாஸ்ரர் கீறிய மலையிடுக்கு

ஆற்றைக் கண்ணால் காணாமலே ஆற்றைப் பற்றி எழுதித் திறமைச் சித்தி எடுத்தவர்கள் நாங்கள். யாழ்ப்பாணக் குடாநாட்டில் வருடம் முழுவதும் ஓடுகிற ஆறு ஒன்றும் இல்லை. மாரியில் வழுக்கையாறு கொஞ்சம் ஓடும். பங்குனி வந்தால் அதற்குள் மாடு மேயும். இந்த லட்சணத்தில் எங்கள் புவியியல் மாஸ்ரர் வெண்கட்டித் தூள் பறக்க, ஆற்று வளைவு, கழிமுகம், மலையிடுக்கு என்று ஒவ்வொன்றாகக் கரும்பலகையில் கீறுவார். நாங்களும் பார்த்துக் கீறி, பெயர் குறித்து, புள்ளியும் வாங்கிவிடுவோம்.

ஆறு மலையை ஆழமாக அறுத்துக்கொண்டு போகிற இடம்தான் மலையிடுக்கு. அந்தப் பாடத்தன்று பின்வாங்குப் பெடியன் ஒருவன் எழும்பினான். "சுண்ணக்கல் பிரதேசத்திலதான் இது நல்லா வரும் எண்டுறியள். எங்கட நிலமும் சுண்ணக்கல்தானே சேர், இஞ்சை ஏன் ஒண்டும் இல்லை?" கேட்டது குழப்படிக்குத்தான். மாஸ்ரர் அதைக் குழப்படியாக எடுக்கவில்லை. முழு வகுப்பையும் கிளப்பிக்கொண்டு போய்ப் பாடசாலைக் கிணற்றடியில் நிறுத்தினார்.

"எட்டிப் பாருங்கோ. எங்கட ஆறு கீழால ஓடுது."

மழைநீர் காற்றிலும் மண்ணிலும் உள்ள காபனீரொட்சைட்டைக் கரைத்துக்கொண்டு மெல்லிய அமிலமாகிறது. அது சுண்ணக்கல்லின் வெடிப்புகளை அரித்துப் பெருப்பிக்கிறது. நிலம் தட்டை, கடல்மட்டமும் கிட்ட. அதனால் தண்ணீர் மேலே ஓடாமல் உள்ளே இறங்கிவிடுகிறது. நிலாவரைக் கிணறும் கீரிமலைக் கேணியும் இந்தக் கதையின் பகுதிகள்தான். "இதே கல்லை ஒரு மூவாயிரம் அடி தூக்கி வைச்சு, மேலால ஒரு ஆத்தையும் விட்டால், அப்ப பாருங்கோ" என்றார். அந்தக் கிணற்றடிப் பாடம் பரீட்சைக்கு உதவியதா என்று ஞாபகமில்லை. ஆனால் பிரான்ஸுக்கு வந்து கனகாலம் கழித்து வெர்டோன் மலையிடுக்கின் விளிம்பில் நின்றபோது, முன்னால் இருப்பது என்னவென்று எனக்கு யாரும் விளங்கப்படுத்த வேண்டியிருக்கவில்லை.

வெர்டோன், பாரிஸிலிருந்து வீதியால் 800 கிலோமீற்றருக்கு மேல் தெற்கே, அல்ப்ஸ் மலைகள் தாழ்ந்து வருகிற பக்கத்தில் இருக்கிறது. ஜூராசிக் காலக் கடலடியில் படிந்த சுண்ணக்கல், அல்ப்ஸ் எழும்பியபோது தானும் சேர்ந்து உயர்ந்தது. ஆறு அதை அறுத்துக்கொண்டு இறங்கியது. இப்போது அந்த வெட்டு ஏறக்குறைய 25 கிலோமீற்றர் நீளம். ஆழம் சில இடங்களில் 700 மீற்றர். ஜூராசிக்குக்கு வெகுகாலம் பிந்திய மயோசீன் காலத்துக் குடாநாட்டுக் கல் இதற்குப் பக்கத்தில் நேற்றுப் பிறந்த பிள்ளை. சுற்றிவர நாட்டுப்புறம்தான்: சின்னச் சின்ன ஊர்கள், லவண்டர் தோட்டங்கள், ஆட்டு மந்தைகள். லா பாலூ என்ற கிராமத்தில் தங்கினால் எல்லாப் பாதைகளும் கைக்கெட்டிய தூரம்.

எங்கள் வகுப்புக்காரர் கொஞ்சப்பேரும் கீழ்வகுப்புத் தம்பிமார் சிலரும் சேர்ந்து நடந்தது பிளான்–மார்த்தெல் பாதை. மேற்கே றுவாயானிலிருந்து கிறாஸ் நகர் வரை போகும் நெடும்பாதையான 'ஜி.ஆர். 4' இன் ஒரு துண்டு இது. பாறையிலும் மரத்திலும் வெள்ளை, சிவப்பு என இரண்டு பட்டைக் கோடுகள் அடித்திருப்பார்கள். அதே நிறங்களில் பெருக்கல் குறி இருந்தால், அந்தப் பக்கம் போகாதே என்று அர்த்தம். இரண்டு கோட்டை ஒழுங்காகப் பார்த்து நடந்தால் வரைபடமே தேவையில்லை. மலின் விடுதியடியில் தொடங்கி ப்வான் சுப்லிம் என்ற காட்சி முனையில் ஏறி முடிக்க ஆறு, ஏழு மணித்தியாலம் பிடிக்கும். மறுபக்கமாகவும் நடக்கலாம், நான் சொல்லமாட்டேன். காரணம் ஏணிகள்.

பிறெஷ் அம்பேர் என்ற இடத்தில் மலை ஒரு வெடிப்பாகப் பிளந்து கிடக்கிறது. அந்த வெடிப்புக்குள் இரும்பு ஏணிப்படிகளை ஒன்றன்கீழ் ஒன்றாகப் பொருத்தியிருக்கிறார்கள். மொத்தம் 252 படிகள். ஒருவர் மட்டுமே போகலாம். எதிரே ஆள் வந்தால் மேலே தட்டில் ஒதுங்கி நிற்க வேண்டியதுதான். படிகளுக்கு இடையில் வெளி. கால் வைக்கிற இடத்தைப் பார்த்தால் அதற்கு அப்பால் உள்ள ஆழமும் கூடவே தெரியும். கைப்பிடி நிழலில் குளிர்ந்து கிடக்கும். வெயில் படுகிற துண்டில் கை வைக்கவே முடியாது. எங்களில் ஒருவன், வங்கியில் பெரிய பொறுப்பில் இருப்பவன், திரும்பி ஏணியை நெஞ்சோடு அணைத்தபடி பின்பக்கமாக இறங்கினான். "மச்சான், கதை குடுக்காதை" என்பதைத் தவிர அடிவரைக்கும் அவன் வாயிலிருந்து வேறு ஒரு சொல்லும் வரவில்லை. அவன் செய்ததுதான் சரியான முறை என்று பிறகு எல்லோரும் அதையே செய்தோம்.

கீழே ஆர்த்துபி என்ற சிற்றாறு வெர்டோனோடு கலக்கிற இடத்துக்கு ஒரு கிளைப்பாதை போகிறது. சாப்பாட்டுப் பொதியை அங்கே பிரிக்கலாம். தண்ணீர் பச்சையாக, குளிர்ச்சியாக, முழங்கால் மட்டத்தில் சாதுவாக ஓடும். அந்தச் சாதுத்தனத்தை நம்பக்கூடாது. மேலே கஸ்தியோன், சோடான் அணைக்கட்டுகள் இருக்கின்றன. மின் உற்பத்திக்காகத் தண்ணீர் திறந்தால், வானத்தில் ஒரு முகிலும் இல்லாத நாளிலும் ஆறு சடுதியாக உயரும். ஆற்றைக் கடக்க வேண்டாம் என்று எச்சரிக்கைப் பலகைகள் அதற்காகத்தான். தம்பிமாருக்கு இதை இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது.

கடைசிப் பகுதியில் சுரங்கங்கள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நீர்மின் திட்டம் ஒன்றுக்காகக் குடைந்து, பிறகு திட்டத்தையே கைவிட்டுவிட்டார்கள். நீளமானது 670 மீற்றர். உள்ளே கும்மிருட்டு, நிலத்தில் தேங்கிய தண்ணீர், கூரையிலிருந்து சொட்டு. அவ்வளவு நேர வெயிலுக்குப் பிறகு அந்தக் குளிர் ஒரு சுகம்தான்.

இனி நான் இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்த காரணம். மார்த்தெல் என்பவர் குகை ஆய்வுத் துறையைத் தொடங்கி வைத்தவர்களில் முதன்மையானவர், நாடறிந்த ஆள். 1905 ஆகஸ்டில் நீர்வள ஆய்வுக்காக ஒரு குழுவோடு துணிப் படகுகளில் வந்து இந்த மலையிடுக்கைக் கடந்தவர். பாதையின் பெயரில் அவர் இரண்டாவது ஆள். முதலில் நிற்கும் இசிடோர் பிளான், மேலே தெரிகிற றூகோன் கிராமத்துப் பள்ளிக்கூட வாத்தியார். உள்ளூரை அறிந்தவராக அந்தப் பயணத்தில் கூடப் போனவர். அவருக்கும் முன்னால், பெட்டி செய்யவும் பந்து கடையவும் உதவுகிற பொக்ஸ்மர வேருக்காக, ஊர்ச் சனம் கயிற்றைக் கட்டிக்கொண்டு இந்தப் பாறைகளில் இறங்கியிருக்கிறார்கள். அவர்கள் பெயரில் ஒரு பாதையும் இல்லை, அது வழமைதான். ஆனால் ஒரு கிராமத்து வாத்தியாரின் பெயரை ஒரு பெரிய ஆய்வாளரின் பெயருக்கு முன்னால் போட்டது எனக்குப் பெரிய சந்தோசம். அன்றிரவே ஊருக்குத் தொலைபேசி எடுத்து எங்கள் மாஸ்ரரிடம் இதைச் சொன்னேன். எண்பது கடந்த மனிதர். கவனமாகக் கேட்டுவிட்டு, "போன நாளுக்குச் சம்பளம் வெட்டினவங்களோ?" என்று மட்டும் கேட்டார்.

எங்கள் பழைய மாணவர் சங்க நிர்வாகக் குழுவுக்கு ஒரு கோரிக்கை. ஒவ்வொரு வருடமும் மண்டபம் எடுத்து, ஒலிவாங்கி வேலை செய்யாமல், பேச்சுக்கு நடுவில் சாப்பிட்டு முடிகிற ஒன்றுகூடலுக்குப் பதிலாக, ஒரு முறை வெர்டோனுக்குப் போவோம். யூலை, ஓகஸ்ட் வேண்டாம். சனமும் கூட, வெக்கையும் கூட. வைகாசிக் கடைசியோ செப்டெம்பரோ நல்லது. பாதை தொடங்குகிற இடமும் முடிகிற இடமும் வேறு என்பதால் பஸ்ஸுக்கோ டக்ஸிக்கோ முன்கூட்டியே ஒழுங்கு செய்ய வேண்டும். வழியில் குடிதண்ணீர் கிடையாது, ஆளுக்கு இரண்டு லீற்றராவது தேவை. முழங்கால் ஒத்துழைக்காதவர்கள் லா பாலூவிலிருந்து புறப்பட்டு அங்கேயே திரும்பி வருகிற முகட்டு வீதியில் காரில் சுற்றலாம். ஒவ்வொரு காட்சி முனையிலும் நிறுத்திப் பார்க்கலாம். 1999 முதல் இங்கே திரும்பக் கொண்டுவந்து விட்ட பிணந்தின்னிக் கழுகுகள் அந்த விளிம்புகளில் காலுக்குக் கீழேயே வட்டமிடும். நடக்கிறவர்களைவிட அவர்களுக்குத்தான் அது நன்றாகத் தெரியும்.

நடக்க வருகிறவர்கள் நல்ல அடி உள்ள சப்பாத்தும், ஆளுக்கொரு டோர்ச் லைற்றும் கொண்டுவரவும். கைத்தொலைபேசி வெளிச்சம் போதும் என்று வந்த தம்பிமாரின் பற்றறி, படம் எடுத்தே பிற்பகலோடு செத்துப்போனது. அந்த 670 மீற்றரும் அவர்கள் என் சேர்ட்டைப் பிடித்துக்கொண்டுதான் வந்தார்கள்.