ஜமாபந்திக்கும் பரீட்சைக்கும் நடுவே

2025 ஏப்ரல் 6, ஞாயிறு

பொது நிர்வாகப் படிப்புக்கு நேரடி வகுப்பு. காலை முழுவதும் நிர்வாகவியல் அறிஞர் ஹெர்பர்ட் சைமன். 1935-இல் மாணவராக இருந்தபோது அமெரிக்காவின் மில்வாக்கி நகரத்து விளையாட்டுத் திடல்களை ஆராயப் போயிருக்கிறார். அவற்றைப் பள்ளி வாரியமும் நகரப் பொதுப்பணித் துறையும் சேர்ந்து நடத்தின. இருக்கிற பணத்தைத் திடல் பராமரிப்புக்குப் போடுவதா, பிள்ளைகளை விளையாட வைக்கும் ஆட்களுக்குப் போடுவதா என்று இரு தரப்புக்கும் இழுபறி. யாரும் கெட்டவர்கள் இல்லை. அவரவர் துறை காட்டியதை வைத்து அவரவர் பேசினார்கள். எல்லாம் தெரிந்து யாரும் தீர்மானிப்பதில்லை, கைக்குக் கிடைத்த தகவலில் இது போதும் என்று படுகிற இடத்தில் நின்றுவிடுகிறார்கள் என்று சைமன் பிற்பாடு எழுதினார். 1978-இல் நோபல் பரிசு.

சாப்பாட்டு நேரத்தில் ஆசிரியர், "எந்த செக்‌ஷன்ம்மா?" என்று கேட்டார். தாலுகா அலுவலகத்தில் முதியோர் உதவித்தொகைப் பிரிவு என்றேன். "அப்ப உங்களுக்குப் பாடமே வேண்டாம்" என்றார். எனக்குத்தான் மிகவும் வேண்டும்.

ஏப்ரல் 9, புதன்

உதவித்தொகை கேட்ட கடலோரத்து அம்மாவின் மனு மறுபடி தள்ளுபடி. ஆதாரில் பிறந்த தேதி 01.01.1969.

ஏப்ரல் 10, வியாழன்

நேரிலேயே வந்துவிட்டார். "தாயி, புயலடிச்ச ராத்திரி எங்காத்தா சீலையைப் பிடிச்சுக்கிட்டு ஓடியிருக்கேன். தம்பி அவ இடுப்புல." தனுஷ்கோடியை அழித்த புயல் 1964 டிசம்பரில். 1969-இல் பிறந்தவர் அன்றைக்கு எப்படி ஓடியிருப்பார்? ஓடுகிற வயது என்றால் நாலு வயதாவது இருக்கும். அப்படியென்றால் இப்போது 64, 65. ஆதார்படி 56. உதவித்தொகைக்கு 60 ஆகியிருக்க வேண்டும்.

பிறந்த தேதி தெரியாதவர்களுக்கெல்லாம் ஜனவரி 1. எங்கள் பிரிவுக்கு வருகிற மனுக்களில் எத்தனை ஜனவரி 1! ஆதாரில் அதை ஒருமுறைதான் திருத்தலாம், அதற்கும் ஆவணம் வேண்டும். பள்ளிக்கூடமே போகாதவரிடம் என்ன ஆவணம் இருக்கும்? கணவர் இருக்கிறார், படுத்த படுக்கையாக. அதனால் விதவை உதவித்தொகையிலும் சேர்க்க முடியாது. மாதம் 1,200 ரூபாய். ரேஷனில் அரிசி வந்துவிடுகிறது, இது மருந்துக்கு.

இரவு அப்பாவிடம் சொன்னேன். தலையாரியாக இருந்தவர், அந்தப் பக்கத்து ஊர்களில் யாருக்கு என்ன வயது என்பது அவருக்கு மனப்பாடம். "அந்தப் பிள்ளை எனக்கு ஏழெட்டு வயசு இளையதாச்சே" என்றார். அப்பாவுக்கு 73. இதைக் கோப்பில் எப்படி எழுதுவது?

ஏப்ரல் 14, திங்கள்

விடுமுறை. ஜெர்மன் சமூகவியலாளர் மாக்ஸ் வெபரின் அதிகாரவர்க்கப் பாடம். எழுத்தில் இருக்கும் கோப்பு, ஆள் பார்க்காத விதி, தகுதி பார்த்து நியமனம். இதையெல்லாம் திட்டுவது எளிது. அப்பா அப்படித் திட்டமாட்டார். பரம்பரைக் கர்ணம், மணியம் பதவிகளை 1980-இல் ஒழித்த பிறகுதான் கிராம நிர்வாக அலுவலர்கள் வந்தார்கள். அதற்கு முன் மணியக்காரர் வீட்டுத் திண்ணையில் யார் உட்காரலாம், யார் தெருவில் நிற்க வேண்டும் என்பதை அவர் கண்ணால் பார்த்தவர். ஆள் பார்க்காத விதி யாரைக் காப்பாற்றியது என்று அவருக்குத் தெரியும்.

அதே விதிதான் அந்த அம்மாவைத் திருப்பி அனுப்புகிறது. இரண்டையும் ஒரே பதிலில் எழுத வேண்டும்.

ஏப்ரல் 24, வியாழன்

1993-இல் இதே நாளில்தான் பஞ்சாயத்துகளுக்கான 73-ஆவது அரசியல் சட்டத் திருத்தம் நடைமுறைக்கு வந்தது. பதினோராவது அட்டவணையில் பஞ்சாயத்துகளிடம் ஒப்படைக்கக்கூடிய 29 பொருள்கள், அவற்றில் சமூக நலனும் ஒன்று. அப்படியானால் முதியோர் பட்டியலைக் கிராம சபையே முடிவு செய்யக் கூடாதா? அந்த அம்மாவுக்கு என்ன வயது என்று ஊர் ஒரு நிமிடத்தில் சொல்லிவிடும். உற்சாகமாக இரண்டு பக்கம் எழுதினேன்.

அப்பா படித்துவிட்டு, "ஊர்னா எந்தத் தெருவும்மா?" என்று மட்டும் கேட்டார். அப்புறம் ஒன்றும் எழுத ஓடவில்லை.

மே 4, ஞாயிறு

ஹால் டிக்கெட் வந்தது. தேர்வு மே 31 முதல், சனி ஞாயிறுகளில். கிராமக் கணக்குகளைத் தணிக்கை செய்யும் ஜமாபந்தி மே 20 முதல்.

மே 11, ஞாயிறு

அப்பாவுக்கு மூச்சிரைப்பு. புத்தகத்தைத் தொடவில்லை.

மே 12, திங்கள்

ஃபெயில் ஆகிவிடுவேன் போலிருக்கிறது.

மே 13, செவ்வாய்

மாட்டேன்.

மே 15, வியாழன்

1968, அமெரிக்காவில் மின்னோபுரூக் மாநாடு. வியட்நாம் போர், நகரங்களில் கலவரம். நிர்வாகவியல் பேராசிரியர் டுவைட் வால்டோ இளைய ஆய்வாளர்களைக் கூப்பிட்டு உட்காரவைக்கிறார். சிக்கனம் சரி, திறமை சரி, யாருக்காக என்று அவர்கள் கேட்கிறார்கள். நிர்வாகி நடுநிலை என்று சொல்லிக்கொண்டு நிற்க முடியாது, பலமில்லாதவர் பக்கம் சமநீதி கிடைக்கிறதா என்று பார்ப்பதும் அவர் வேலை. படித்த பிறகு உட்கார முடியவில்லை. மொட்டை மாடியில் நடந்துகொண்டே இருந்தேன்.

மே 21, புதன்

பசலி 1434, அதாவது இந்த வருவாய் ஆண்டின் கணக்குகள். பயிர்க் கணக்கான அடங்கல் கட்டுகளுக்கு நடுவே சாப்பாட்டைக்கூடப் பிரிக்கவில்லை. வெயிலில் மனு கொடுக்கும் வரிசையில் அந்த அம்மாவும் நின்றிருந்தார். என்னைப் பார்த்துக் கும்பிட்டார். கும்பிட வேண்டாம் என்று சொல்லக்கூட நேரமில்லை.

மே 23, வெள்ளி

குறிப்பு எழுதி வைத்துவிட்டேன். வயதுக்கு ஆவணம் இல்லாததால் மனுவைத் தள்ளுபடி செய்யாமல், அரசு மருத்துவரிடம் வயது மதிப்பீட்டுச் சான்று கேட்கலாம், வருவாய் ஆய்வாளர் அக்கம்பக்கத்தில் விசாரித்து வாக்குமூலம் பெறலாம் என்று. புயலையும் எழுதினேன். "புயலெல்லாம் எதுக்கு மேடம்?" என்றார் பக்கத்து இருக்கைக்காரர். எடுக்கவில்லை.

மே 27, செவ்வாய்

கோப்பு திரும்பி வந்தது. ஓரத்தில் அதிகாரியின் பச்சை மையில் ஒரே சொல்: பேசவும்.

மே 28, புதன்

பேச நேரம் கிடைக்கவில்லை. தூக்கமும் இல்லை.

மே 29, வியாழன்

பேசினேன். "இவங்களுக்குச் செஞ்சா நாளைக்கு நூறு பேர் வருவாங்களே?" என்றார். நியாயமான கேள்வி. வரட்டும் சார், எல்லாருக்கும் இதே முறையில் விசாரிப்போம் என்றேன். குரல் நடுங்கியது. சற்று நேரம் புரட்டிப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். இனி மருத்துவமனை. இந்த வயதில் எலும்புப் படம் துல்லியமாகச் சொல்லாது, மருத்துவர் ஒரு மதிப்பீடுதான் தருவார். அதில் 58 என்று வந்துவிட்டால்?

மே 31, சனி

முதல் தாள். வெபர் வந்தார், சைமன் வந்தார். மின்னோபுரூக் வரவில்லை, வராவிட்டாலும் கடைசிப் பதிலில் சேர்த்துவிட்டேன். விரல் வீங்கியிருக்கிறது. நன்றாகத்தான் எழுதியிருக்கிறேன்.

ஜூன் 1, ஞாயிறு

இரண்டாம் தாள் நீளம். உள்ளாட்சிக் கேள்விக்கு அப்பா கேட்டதையே எடுத்துக்கொண்டு, தெருவுக்குத் தெரு ஊர் வேறாக இருக்கும்போது கிராம சபையை எப்படி நம்புவது என்று எழுதினேன். மதிப்பெண் போடுவார்களோ என்னவோ.

அந்த அம்மாவை வியாழக்கிழமை மருத்துவமனைக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். அன்றைக்கு என்னால் அலுவலகத்தை விட்டு நகர முடியாது. எழுதப் படிக்கத் தெரியாதவரைத் தனியாக அனுப்பினால் ஒவ்வொரு ஜன்னலாக அலைய விடுவார்கள். அப்பா, தானே கூட்டிப்போவதாகச் சொல்கிறார். இந்த மூச்சிரைப்போடு எப்படி? வேண்டாம் என்றால் கேட்கமாட்டேன் என்கிறார். இன்ஹேலரைச் சட்டைப் பையில் எடுத்து வைத்துக்கொண்டுவிட்டார்.