செம்பனைப் பூவில் சோம்பு வாசம்

இன்று காலை மலேசியாவின் குளுவாங் பக்கம் தோட்டத்தில் அம்மாவோடு நடந்தபோது, பாமாயில் தரும் செம்பனையின் ஆண் பூவிலிருந்து சோம்பு வாசம் குப்பென்று அடித்தது. எஸ்ட்ரகோல் என்ற வேதிப்பொருள்தான் அது, சோம்பிலும் உண்டு. அந்த வாசத்தைத் தேடி வரும் குட்டி வண்டு ஆண் பூவைத் தின்று, அங்கேயே முட்டையிடும். பெண் பூவும் அதே வாசத்தை வீசும். ஆனால் அங்கே சாப்பாடு கிடையாது! ஏமாந்து வந்த வண்டு மகரந்தத்தை உதிர்த்துவிட்டுப் போகும், குலையில் காய் பிடிக்கும். எவ்வளவு அழகான ஏமாற்று!

கேமரூனிலிருந்து வந்த இந்த வண்டை 1981-இல் இங்கே விடும்வரை, தோட்டத்து ஆட்கள்தான் மரம் மரமாகப் போய் மகரந்தத் தூளை ஊதினார்கள். அம்மாவும் ஊதியிருக்கிறார். “வீட்டுக்கு வரும்போது முகம் பூரா பவுடரா இருக்கும்” என்றார்.