எந்த கேலன்?

மீன் தொட்டியில் வெள்ளைப் புள்ளி நோய் வந்துவிட்டது. மருந்துப் புட்டியில் '10 கேலனுக்கு ஒரு டீஸ்பூன்' என்று போட்டிருந்தது. என் தொட்டியின் உள்ளளவு 75 செ.மீ. நீளம், 30 அகலம், தண்ணீர் நிற்பது 40 உயரம். பெருக்கினால் 90,000 கன சென்டிமீட்டர், அதாவது 90 லிட்டர். இதுவரை சிக்கலே இல்லை.

ஒரு கேலன் நாலரை லிட்டர் என்று பள்ளியில் படித்தது மண்டையில் இருந்தது. 90-ஐ 4.5-ஆல் வகுத்தால் சரியாக 20. ஆக, ரெண்டு டீஸ்பூன், அதாவது 10 மில்லி. விடை இவ்வளவு அழகாக வந்தபோதே நான் சந்தேகப்பட்டிருக்க வேண்டும். மூன்று நாள் மருந்து ஊற்றியும் புள்ளிகள் அப்படியே இருந்தன.

நாலாம் நாள் புட்டியைக் கையில் எடுத்த மகள், "அப்பா, 8 அவுன்ஸ், 237 மில்லின்னு போட்டிருக்கே, அப்போ ஒரு அவுன்ஸ் எவ்வளவு?" என்று கேட்டாள். வகுத்துப் பார்த்தேன்: 29.6 மில்லி. பிரிட்டிஷ் அவுன்ஸ் 28.4 மில்லிதான், அந்தக் கணக்கில் புட்டியில் 227 இருந்திருக்கும். ஆக, இது அமெரிக்க மருந்து. நான் படித்த நாலரை லிட்டர் பிரிட்டிஷ் கேலன்; அமெரிக்க கேலன் 3.785 லிட்டர். என் தொட்டி 20 கேலன் இல்லை, கிட்டத்தட்ட 24. ஊற்றவேண்டியது 12 மில்லி, நான் ஊற்றியது 10. ஆறில் ஒரு பங்கு குறைவு.

ஒரே பெயரில் ரெண்டு அளவு இருப்பதற்குக் காரணம் பழைய கதை. 231 கன அங்குலம் கொண்ட ஒயின் கேலனை இங்கிலாந்து 1707-ல் சட்டமாக்கியது. அமெரிக்கா அதையே பிடித்துக்கொண்டது. பிரிட்டனோ 1824-ல் பழைய கேலன்களை எல்லாம் தள்ளிவிட்டு, 10 பவுண்டு தண்ணீர் பிடிக்கும் அளவுதான் இனி கேலன் என்றது. 10 பவுண்டுக்கு 160 அவுன்ஸ் எடை. அதனால் அவர்கள் கேலனில் 160 திரவ அவுன்ஸ். அமெரிக்க கேலனில் 128 மட்டுமே. இதில் வேடிக்கை, அமெரிக்க கேலன் சின்னது, ஆனால் அதன் அவுன்ஸ் பெரியது! கேலனில் எட்டில் ஒரு பங்கான பைன்ட்டிலும் இதே குழப்பம்தான்: அமெரிக்காவில் 473 மில்லி, பிரிட்டனில் 568. எடை அவுன்ஸ் வேறு, திரவ அவுன்ஸ் வேறு என்ற தலைவலியை இன்னொரு நாள் பார்க்கலாம்.

அப்புறம் மனக்கணக்குக்கு ஒரு வழி கண்டுபிடித்தேன். அமெரிக்க கேலன் என்றால் நாலால் பெருக்கி, அதில் நூற்றுக்கு ஐந்து கழித்துவிடு. 20 கேலனுக்கு 80, அதில் 4 போனால் 76. சரியான விடை 75.7. பிரிட்டிஷ் கேலனுக்கு நாலரையால் பெருக்கி நூற்றுக்கு ஒன்று கூட்டு. 90-ஓடு 0.9 சேர்ந்து 90.9, ஏறக்குறைய அச்சு அசல்.

மருந்துக்கு மட்டும் மனக்கணக்கு வேண்டாம் என்று முடிவு செய்தேன். புட்டியில் '12 மில்லி' என்று சீட்டு ஒட்டியாயிற்று. டீஸ்பூனுக்குப் பதில் இப்போது சிரிஞ்ச். புள்ளிகள் அடுத்த வாரம் மறைந்தன. அந்த 2 மில்லியால்தான் என்று சத்தியம் செய்ய மாட்டேன்.